டோல்கேட்டா, ஊர்ச்சாலையா? எளாவூரில் நின்று போடும் கணக்கு

அத்தியாயம் 6

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் ஜி.என்.டி. ரோடு என்றுதான் சொல்கிறார்கள். ஐம்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டினால் எளாவூர். அங்கே சோதனைச் சாவடி இருக்கிறது. அடுத்து ஆரம்பாக்கம், அதையும் தாண்டினால் தடா, ஆந்திரம். மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகள், கிழக்கே வயலும் பனையும் இறால் பண்ணைகளும் கடந்து பழவேற்காடு ஏரி. வீட்டு வேனில் வடக்கே கிளம்பும் குடும்பத்துக்கு முதல் கேள்வி இங்கேயே வந்துவிடும். டோல் கட்டி நேரே போவதா? இல்லை, ஊர்வழியாகச் சுற்றிக்கொண்டு போவதா?

கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த நூல் சொல்வது மினி பஸ்ஸையோ பெரிய வேனையோ கட்டில், அடுப்பு, கழிப்பறையோடு மாற்றி அமைத்த பயண வண்டியை. அது காரைவிட நீளம், உயரம், எடை எல்லாம் கூடியது. கார்க்காரருக்கு லாபமாக இருக்கும் குறுக்குவழி இந்த வண்டிக்குப் பெரும்பாலும் நஷ்டம். ஆகவே இந்த அத்தியாயத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன்: சுங்கத்தை மிச்சம் பிடிக்க ஊர்ச்சாலையில் இறங்காதீர்கள். ஊரைப் பார்க்க இறங்குங்கள். ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

சுங்கம் எப்படி முடிவாகிறது?

தேசிய நெடுஞ்சாலைகளில் கட்டணத்தை 2008ஆம் ஆண்டு விதிகள் நிர்ணயிக்கின்றன. 2007-08ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, நான்கு வழிச் சாலையில் கார், ஜீப், வேனுக்குக் கிலோமீட்டருக்கு 65 பைசா. இலகுரக வணிக வாகனம், மினி பஸ்ஸுக்கு 1 ரூபாய் 5 பைசா. பஸ், லாரிக்கு 2 ரூபாய் 20 பைசா. ஒவ்வோர் ஆண்டும் 3 சதவீதமும், அதோடு மொத்த விலைக் குறியீட்டின் உயர்வில் 40 சதவீதமும் இதன்மேல் ஏறும். வழக்கமாக ஏப்ரல் 1ஆம் தேதி புதிய கட்டணம் அமலாகும்.

விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். கார் 1 ரூபாய் கட்டும் இடத்தில் மினி பஸ் சுமார் 1 ரூபாய் 60 பைசாவும், பஸ் சுமார் 3 ரூபாய் 40 பைசாவும் கட்டும். உங்கள் வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. மினி பஸ்ஸை வீட்டு வேனாக மாற்றியிருந்தால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வகையும் ஃபாஸ்டேக்கில் உள்ள வகையும் ஒன்றாக இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். மாறியிருந்தால் ஒவ்வொரு சாவடியிலும் கூடுதலாகப் பிடிப்பார்கள், அல்லது நிறுத்தி விசாரிப்பார்கள். டேக் கொடுத்த வங்கியில் ஆவணங்களைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

சாவடிக்குச் சாவடி கட்டணம் வேறுபடும். பாலமும் புறவழிச் சாலையும் உள்ள இடங்களில் கூடுதலாக இருக்கும். நெடுஞ்சாலை ஆணையத்தின் சுங்கத் தகவல் தளத்தில் சாவடியின் பெயரைப் போட்டால் அன்றைய கட்டணம் கிடைக்கும். கிளம்பும் முன்தினம் இரவு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து நெல்லூர் வரை அந்தத் தாளில் வரும் பெயர்கள்: நல்லூர், சூலூர்ப்பேட்டை, பூதனம், வெங்கடாசலம்.

ஒரு முழுக் கணக்கு

சோழவரத்தை ஒட்டிய நல்லூர் சாவடியை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கும் தடாவுக்கும் இடையே உள்ள நெடுஞ்சாலையில் சுமார் 43 கி.மீ.க்கான சுங்கம் இங்கேதான். இதைச் சுற்றிப் போக நினைப்பவர்கள் மணலி, மீஞ்சூர், பொன்னேரி வழியாகத் திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையைப் பிடித்து, தச்சூர் பக்கம் மறுபடி நெடுஞ்சாலையில் ஏறுவார்கள்.

எடுத்துக்காட்டுக்கு மாதவரத்திலிருந்து தச்சூர் வரை நெடுஞ்சாலையில் 27 கி.மீ., மீஞ்சூர் வழியில் 41 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். டீசல் லிட்டர் 93 ரூபாய். திறந்த சாலையில் வண்டி லிட்டருக்கு 10 கி.மீ. கொடுக்கும். வேகத்தடையும் கடைத்தெருவும் உள்ள சாலையில் 8 தான் கொடுக்கும்.

நெடுஞ்சாலையில் டீசல் 2.7 லிட்டர், 251 ரூபாய். மீஞ்சூர் வழியில் 5.1 லிட்டருக்குச் சற்றுக் கூடுதல், 477 ரூபாய். வித்தியாசம் 226 ரூபாய். அதாவது, உங்கள் வண்டிக்கான சுங்கம் 226 ரூபாய்க்கு மேல் இருந்தால்தான் சுற்றிப் போவதில் பைசா மிஞ்சும். அப்படி மிஞ்சினாலும் அது கையில் தங்காது. மீஞ்சூர் சாலையில் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கிளட்சும் பிரேக்கும் தேயும். முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை கூடுதலாகப் பிடிக்கும். பின்னால் படுத்திருக்கும் அம்மாவின் இடுப்பு ஒவ்வொரு வேகத்தடையையும் எண்ணிக்கொண்டே வரும்.

உங்கள் வண்டியின் மைலேஜையும் உங்கள் ஊர் டீசல் விலையையும் போட்டு இதே கணக்கைப் பாருங்கள். சூத்திரம் எளிது: சுற்றுவழி டீசல் செலவிலிருந்து நேர்வழி டீசல் செலவைக் கழியுங்கள். வருகிற தொகை சுங்கத்தைவிடக் கூடுதலா, குறைவா என்று பாருங்கள். குறைவாக இருந்தால், மிஞ்சும் பணத்தைக் கூடும் மணி நேரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 50 ரூபாய் மிஞ்சுகிறதென்றால், அந்த விலைக்கு உங்கள் விடுமுறையை விற்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தெற்கே தாம்பரம், வண்டலூர் பக்கமிருந்து வருபவர்களுக்கு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இருக்கிறது. சுமார் 60 கி.மீ. நகர நெரிசல் இல்லாமல் வடக்கே கொண்டுவந்து விடும். அதுவும் சுங்கச் சாலைதான், ஆனால் மாநில அரசின் சாலை. இந்த வித்தியாசம் அடுத்து வரும் பாஸ் விஷயத்தில் முக்கியம்.

பாஸ், டேக், சலுகை

2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்திருக்கிறது. தொடங்கியபோது 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 பயணங்கள், எது முன்னால் முடிகிறதோ அதுவரை செல்லும். நெடுஞ்சாலைச் சாவடி ஒன்றை ஒருமுறை கடப்பது ஒரு பயணம். அந்த விலையில் 200ஐயும் பயன்படுத்தினால் சாவடிக்கு 15 ரூபாய்தான். கொல்கத்தா வரை சுமார் 1,700 கி.மீ. போய்த் திரும்பும் சொந்த வண்டிக்காரருக்கு இந்தப் பாஸ் கையில் இருந்தால், சுற்றுவழியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. சுவிட்சர்லாந்தில் 40 பிராங்க் கொடுத்து ஆண்டு வில்லை ஒட்டிக்கொள்வதுபோலத்தான் இதுவும்.

மூன்று நிபந்தனைகளை மறக்க வேண்டாம். இது வணிகப் பயன்பாடு இல்லாத கார், ஜீப், வேனுக்கு மட்டும். வாடகைக்கு எடுத்த மஞ்சள் போர்டு கேரவனுக்கும் மினி பஸ் வகையில் பதிவான வண்டிக்கும் கிடைக்காது. தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச் சாலைகளிலும் மட்டுமே செல்லும். வெளிவட்டச் சாலை போன்ற மாநிலச் சாலைகளில் வழக்கம்போல் டேக்கிலிருந்து பணம் போகும்.

பாஸ் கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. ஒரே சாவடியை 24 மணி நேரத்துக்குள் கடந்து திரும்பினால் இரண்டு மடங்கு கட்ட வேண்டாம், ஒன்றரை மடங்குதான். பழவேற்காட்டைச் சனிக்கிழமை காலையில் பார்க்கப் போய் ஞாயிறு விடியலில் திரும்புகிறவர்கள் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். டேக் இல்லாமல், அல்லது செல்லாத டேக்கோடு போனால் 2025 நவம்பர் 15 முதல் வந்த விதிப்படி பணமாகக் கட்டும்போது இரண்டு மடங்கு. யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. டேக்கில் பணம் இருந்தும் சாவடியின் கருவி கோளாறால் படிக்கவில்லை என்றால், கட்டணம் இல்லாமல் விட வேண்டும் என்பது விதி. கோபப்படாமல் பூஜ்ய ரசீது கேளுங்கள். நெடுஞ்சாலையில் எந்தச் சிக்கலுக்கும் 1033 என்ற எண் இருக்கிறது. வண்டியின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

வாடகை வண்டியில் எல்லை தாண்டுபவர்கள் அகில இந்தியச் சுற்றுலா அனுமதி இருக்கிறதா என்று வண்டிக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். எளாவூரில் வண்டியை நிறுத்திச் சோதிப்பார்கள். கதவைத் திறந்து காட்டி, கேட்டதற்குப் பதில் சொன்னால் வேலை முடிந்தது. கேஸ் சிலிண்டரின் வால்வை மூடி வைத்திருங்கள்.

வரைபடம் சொல்லாதவை

சென்னை–கூடூர் ரயில் பாதை இந்த நெடுஞ்சாலைக்குத் துணையாகவே வடக்கே போகிறது. ஏரிப் பக்கம் இறங்கும் பெரும்பாலான சாலைகள் எங்கேயாவது ஓரிடத்தில் தண்டவாளத்தைத் தாண்டியே ஆக வேண்டும். கேட் என்றால் காத்திருப்பு. சப்வே என்றால் உயரம்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் இந்தப் பாடத்தை நான் படித்தேன். ஒரு டோல்கேட்டைத் தவிர்க்க, போனில் இருந்த வரைபடம் காட்டிய வழியில் திரும்பினேன். நான்கு கிலோமீட்டர் உள்ளே போன பிறகு ரயில்வே சப்வே, அதன் முன்னால் உயரத் தடுப்புக் கம்பி. வண்டியின் உயரத்தை நான் கூரை வரைக்கும்தான் அளந்திருந்தேன். கூரைமேல் இருந்த ஏ.சி. பெட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை. திருப்ப இடமில்லை. இரண்டு பக்கமும் வாய்க்கால். என் மனைவி பின்னால் டார்ச் அடித்துக்கொண்டு நடக்க, அரை கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே வந்தோம். அன்று தவிர்த்த சுங்கத்தைப்போல இரண்டு பங்கு டீசல் எரிந்தது.

அன்றிலிருந்து டாஷ்போர்டில் மூன்று எண்கள் ஒட்டியிருக்கின்றன: ஏ.சி. பெட்டியோடு சேர்த்த உயரம், கண்ணாடிகளை விரித்த நிலையில் அகலம், முழு நீளம். சரக்கும் தண்ணீரும் ஏற்றியபின் எடையை ஒரு எடைமேடையில் போட்டு நான்காவது எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். சிறு பாலங்களின் முன்னால் இருக்கும் பலகைக்கு அதுதான் பதில்.

அடுத்தது மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் வேகமாக நிரம்பும். தரைப்பாலங்கள் மூழ்கும், சப்வேக்களில் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களில் டோல் ரோடு செலவு இல்லை, காப்பீடு. அதுவும் முழுக் காப்பீடு ஆகாது. 2021 நவம்பரில் பெண்ணாற்று வெள்ளம் நெல்லூர் அருகே இதே நெடுஞ்சாலையை அறுத்தது. புயல் எச்சரிக்கை வந்தால் சாலையை மாற்ற வேண்டாம், தேதியை மாற்றுங்கள்.

இருட்டியபின் ஊர்ச்சாலை வேண்டவே வேண்டாம். மாடு படுத்திருக்கும். விளக்கில்லாத சைக்கிளில் வேலை முடிந்து ஆள் வருவார். பகலில் ஊர்ச்சாலை, இரவில் நெடுஞ்சாலை: இதை மட்டும் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எளாவூரிலிருந்து கிழக்கே

இவ்வளவும் சொன்ன பிறகும், எளாவூரில் கிழக்கே திரும்புங்கள் என்றுதான் நான் சொல்வேன். பணத்துக்காகத் திரும்பாதீர்கள். ஒரு நாளை முழுதாக ஒதுக்கிக்கொண்டு திரும்புங்கள்.

சுண்ணாம்புக்குளம் போகும் சாலையில் நெல்வயல் முடிந்து சீமைக்கருவேலமும் இறால் பண்ணைகளும் தொடங்கும்போது காற்றின் வாசனை மாறும். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அங்கே படுத்திருக்கிறது. அதில் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென் ஓரம் மட்டும் நம்மிடம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆழமில்லாத இடங்களில் பூநாரைக் கூட்டம் நிற்கும்.

போன தை மாதம் அப்படித் திரும்பினோம். ஏரியோரக் குப்பத்துக்கு முன்னால் சாலையின் பாதி அகலத்துக்குப் பொடிமீன் காய்ந்துகொண்டிருந்தது. ஓலைத் துடைப்பத்தோடு ஒரு பெண் எழுந்து வந்தார்.

“அண்ணே, கொஞ்சம் பொறுங்க, வாரிக்கிறேன்.”

“வேணாம்மா. இங்கயே ஓரமா நிறுத்திட்டு நடந்து போறோம்.”

அவர் ஒரு நிமிடம் எங்களையே பார்த்தார். “போன வாரம் ஒரு பெரிய வண்டி. கூப்புடக் கூப்புட மேலயே ஏத்திட்டுப் போயிட்டாங்கண்ணே. அரைக்கூடை போச்சு. காஞ்ச மீனுதானேன்னு நெனச்சிருப்பாங்க.”

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு மீனும் விரல் நீளம்கூட இல்லை. வெள்ளி நிறம் மங்கி வைக்கோல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஒன்றோடொன்று ஒட்டாமல் இடம் விட்டுப் பரப்பியிருந்தார். அந்தத் தார்ச்சாலைதான் அவருடைய களம். விடியற்காலையில் வலையிலிருந்து எடுத்ததை வெயில் ஏறுவதற்குள் கழுவி, பரப்பி, நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு, மாலையில் வார வேண்டும். இந்த வேலையில் அரைக்கூடை என்பது அவருடைய அரை நாள்.

சுற்றுவழிக் கணக்கில் நாம் எழுதாமல் விடும் பத்தி இதுதான். ஊர்ச்சாலைகள் பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் இரு சக்கர வண்டிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் போட்டவை. சுங்கத்தைத் தவிர்க்க ஒரு கனரக வண்டி அந்தச் சாலையில் இறங்கும்போது, அது கட்டாத பணத்தை வேறு யாரோ கட்டுகிறார்கள். தார் ஓரம் உடைகிறது, பள்ளம் விழுகிறது, பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்றிய ஆட்டோ அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. நாம் திரும்பிப் போய்விடுவோம். அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

பொதுவானதைப் பங்கிட்டுக்கொள்வதை இந்த ஏரிக்காரர்களிடம்தான் கற்க வேண்டும். பழவேற்காட்டுக் குப்பங்களில் ‘பாடு’ என்று ஒரு முறை தலைமுறைகளாக இருக்கிறது. ஏரியில் வலை கட்டும் நல்ல இடங்களை யாரும் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுப் போட்டு முறை வைத்து இறங்குகிறார்கள். இன்று உங்களுக்கு வாய்ப்பான இடம், அடுத்த முறை இன்னொருவருக்கு. அந்த ஊர்ச் சாலையில் நம் முறை மெதுவாகப் போய், பார்த்து, கும்பிட்டு விட்டுத் திரும்புவது.

அதற்கான நடைமுறைகள் இவை. குப்பத்துக்குள் வண்டியை ஓட்டாதீர்கள், வெளியே நிறுத்தி நடந்து போங்கள். இரவு தங்க நினைத்தால் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். வலை காயும் இடத்தில் கால் வைக்காதீர்கள். கழிவுத் தொட்டியை ஏரியோரத்திலோ வாய்க்காலிலோ ஒருபோதும் திறக்காதீர்கள். மீனும் இறாலும் அந்தத் தண்ணீரில்தான் வளர்கின்றன. சமையலுக்கு மீனை அங்கேயே வாங்குங்கள், பேரம் பேசாமல்.

மேலே வடக்கே

எல்லை தாண்டினால் சூலூர்ப்பேட்டை. அங்கிருந்து ஏரியின் நடுவே போட்ட சாலையில் சுமார் 18 கி.மீ. கிழக்கே போனால் ஸ்ரீஹரிகோட்டா. இருபுறமும் தண்ணீரும் பறவையுமாக இருக்கும் இந்தச் சாலைக்காகவே நெடுஞ்சாலையை விட்டு இறங்கலாம். ராக்கெட் ஏவும் நாளில் மட்டும் கூட்டமும் காவல் கட்டுப்பாடும் இருக்கும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் வடக்கே தொரவாரிசத்திரத்தை ஒட்டி நேலப்பட்டு. கூழைக்கடாக்கள் கூடு கட்டும் சரணாலயம், நெடுஞ்சாலைக்கு மிக அருகில். சுற்றுவழிச் செலவே இல்லாத சுற்றுலா இது.

கொல்கத்தா வரை போகிறவர்களுக்கு உண்மையான மாற்றுச் சாலை ஓங்கோலில் வருகிறது. அங்கே பிரியும் 216ஆம் எண் நெடுஞ்சாலை சீராலா, பாபட்லா, மச்சிலிப்பட்டினம், அமலாபுரம் வழியாகக் கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்களைத் தொட்டுக்கொண்டு கத்திபூடியில் மறுபடி 16இல் சேர்கிறது. விஜயவாடா நெரிசல் இல்லை. தென்னையும் நெல்லும் கால்வாயுமாக ஓடும். நெடுஞ்சாலைத் தரத்தில் இருப்பதால் பெரிய வண்டிக்கும் பொருந்தும். கட்டணத்தைத் தனியே பார்த்துக்கொண்டு, போகும்போது ஒன்று, திரும்பும்போது மற்றொன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

தேர்வுக்கு ஐந்து கேள்விகள்

ஒவ்வொரு நாளும் காலையில் வண்டியைக் கிளப்புமுன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இன்றைய வேலை தூரத்தைக் கடப்பதா, ஊரைப் பார்ப்பதா? கடப்பது என்றால் சுங்கச் சாலை.

2. சுற்றுவழியின் கூடுதல் டீசல் சுங்கத்தைவிடக் குறைவா? இல்லையென்றால் பணத்துக்காகச் சுற்றுவதில் பொருளே இல்லை.

3. வெளிச்சம் இருக்கும்போதே அந்தச் சாலையை முடித்துவிடுவோமா?

4. உயரம், அகலம், எடை மூன்றும் அங்கே செல்லுமா? தெரியாவிட்டால் வரைபடத்தை நம்பாமல் கூட்ரோட்டு டீக்கடையில் கேளுங்கள். “இந்த வண்டி போகுமா?” என்று கேட்பது போதாது. “நேத்து இந்த ரோட்டுல பஸ் போச்சா?” என்று கேளுங்கள். பஸ் போகும் சாலையில் நம் வண்டியும் போகும்.

5. நம் வண்டி போவதால் அந்த ஊரில் யாராவது தங்கள் வேலையை வாரி எடுக்க வேண்டியிருக்குமா? இருந்தால் நிறுத்திவிட்டு நடங்கள்.

அன்று நடந்து போய்த் திரும்பி வந்தபோது அந்தப் பெண் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அரைக்கிலோ கருவாடு வாங்கினோம். வண்டியை ரிவர்ஸ் எடுக்க அவரே பின்னால் நின்று கை காட்டினார். எளாவூருக்குத் திரும்பி நெடுஞ்சாலையில் ஏறி, சூலூர்ப்பேட்டையில் சுங்கம் கட்டினோம். வண்டி முழுக்கக் கருவாட்டு வாசனையோடு, அன்று இரவே நெல்லூர் போய்ச் சேர்ந்தோம்.